தேரையைக் கவ்விய நாய்

ஐப்பசி மாதத்தில் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடித்துக்கொண்டபின், தோட்டங்களிலும் களத்துமேடுகளிலும் காவலுக்கு விடப்பட்டிருக்கும் நாய்களுக்கு ஒரு விபத்து நேரிடுவதுண்டு. மழை பெய்து ஓய்ந்த இரவில் பம்ப்செட் அறை விளக்கைச் சுற்றி ஈசல்கள் மொய்க்கும். சிறகு உதிர்ந்து தரையில் விழும் ஈசல்களைத் தின்பதற்காகத் தேரைகள் வரப்போரத்திலிருந்தும் கல்லிடுக்கிலிருந்தும் புறப்பட்டு விளக்கடியில் கூடும். தத்தித் தத்திச் செல்லும் அப்பிராணியைக் கண்ட நாய், விளையாட்டாகவோ வேட்டையாகவோ பாய்ந்து கவ்வுகிறது. கவ்விய மறுகணமே அதைக் கீழே போட்டுவிட்டுத் தலையை உதறுகிறது. சில நிமிஷங்களுக்குள் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகுகிறது; பிறகு நுரை தள்ளுகிறது. முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டு, தள்ளாடியவாறே வீட்டுப் பக்கம் ஓடி வருகிறது.

அவ்வாறு ஓடி வரும் நாயின் வாயில் நுரையைக் கண்டவர் எவராயினும், வெறி பிடித்துவிட்டதென்றே முதலில் எண்ணுவர். ஒருவர் கூவ, நால்வர் தடியெடுக்க, ஐந்தாறு வருஷம் உண்மையாய்க் காவல் காத்த நாய் கால் மணி நேரத்தில் மடிந்துபோகிறது. மறுநாட் காலையில் விளக்கடியில் நசுங்கிக் கிடக்கும் தேரையை ஒருவரும் கவனிப்பதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வெறிநோயில் ஒருவகை, நாயை ஆர்ப்பரித்து ஓடச் செய்யாமல், தாடை தொங்கி எச்சில் வடிய மூலையில் முடங்கச் செய்வது. அதைக் காணும் சொந்தக்காரர், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்றோ, எதையோ கடித்து விஷம் ஏறியிருக்கும் என்றோ எண்ணி, வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கிறார். வெறிநோய்க் குறி மனிதனிடம் தோன்றியபின் அதற்கு நம்பத்தக்க சிகிச்சை இன்றளவும் இல்லை. ஆகவே முதல் தவறு ஒரு நல்ல நாயை இழப்பதோடு நிற்கிறது. இரண்டாவது தவறு குடும்பத் தலைவனையே கொண்டுபோய்விடும்.

தேரை விஷத்திற்குரிய முதற் சிகிச்சை மிகச் சுலபமானது. நாயின் வாயைத் தண்ணீரால் நன்றாகக் கழுவுதலே அது. ஆனால் நுரை தள்ளும் நாயின் வாயருகே கையைக் கொண்டுபோக யாருக்கு உரிமையுண்டு என்று கேட்டால், வெறிநோய்த் தடுப்பூசியைக் காலந்தவறாமல் போட்டு வைத்திருக்கும் நாயின் சொந்தக்காரருக்கு மட்டுமே என்று சொல்ல வேண்டும். தேரை விஷத்திற்கான சிகிச்சை, தேரை வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தடுப்பூசியில் தொடங்குகிறது என்பதை மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் மனத்திற் கொள்வது அவசியம்.

தேரையைப் பற்றி முதலில் சிறிது தெரிந்துகொள்ளுதல் நலம். ஊர்ப்புறங்களில் சொறித்தவளை என்று வழங்குவதும் இதுவே. தவளைக்கு வழவழப்பான ஈரத்தோலும், நீண்டு தாவுதற்கேற்ற பின்கால்களும் உண்டு. தேரைக்கோ வறண்ட தோலும், உடலெங்கும் கொப்புளம்போன்ற முண்டுகளும், குட்டையான கால்களும் அமைந்திருக்கின்றன. இந்நாட்டில் எங்கும் காணப்படும் தேரையின் தலையில், கண்ணைச் சுற்றிலும் மூக்கு வரையிலும் கறுத்த விளிம்பு ஓடும். கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் அவரை விதைபோல உப்பியிருக்கும் சுரப்பிகள் இரண்டு உள்ளன. விஷம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. முதுகின் முண்டுகளிலும் சிறிது உண்டு.

இப்பிராணியைப் பற்றி வழங்கும் கட்டுக்கதைகள் அநேகம். அது மூத்திரம் பெய்தால் மனிதனுக்குப் பாலுண்ணி வரும் என்பர். பாலுண்ணி மனிதனுக்கு மனிதன் தொற்றும் கிருமியால் வருவது. உள்ளே பருப்பில்லாத தேங்காயைத் தேரை விழுந்த தேங்காய் என்று சொல்லி, தென்னந்தோப்பில் கண்ட தேரையையெல்லாம் அடிப்பவரும் உண்டு. தென்னையின் உச்சிக்குத் தேரை ஏறுவதில்லை. மகரந்தச் சேர்க்கைக் குறைவையும் சத்துக் குறைவையும் கவனிக்க வேண்டிய இடத்தில் தேரையின்மேல் பழி விழுகிறது. தேரை கடிப்பதில்லை, துரத்துவதுமில்லை. அதனிடம் உள்ள விஷம் முழுவதும் தற்காப்புக்கானது. யாராவது கவ்வினால் அல்லது அழுத்தினால், அச்சுரப்பிகளிலிருந்து பால்போன்ற, பசைபோல ஒட்டும் திரவம் கசிகிறது.

அந்தப் பாலில் உள்ளவை ஒன்றல்ல, பல. இரத்தக் குழாய்களைச் சுருக்கி நாடியை விரைவுபடுத்துவன சில. மூளையைக் கலக்குவன சில. இவற்றுள் முக்கியமானவை இருதயத்தைத் தாக்கும் பொருள்கள். அரளி விதையை அரைத்துத் தின்றவருக்கு நேரும் கதி கிராமத்தார் யாவரும் அறிந்ததே. அரளியில் உள்ள விஷம் இருதயத் தசையின் எந்த இடத்தைப் பற்றிக்கொண்டு துடிப்பைக் குலைக்கிறதோ, அதே இடத்தைத்தான் தேரைப் பாலில் உள்ள இப்பொருளும் பற்றுகிறது. செடியில் விளைந்த விஷமும் பிராணியில் சுரந்த விஷமும் ஒரே வழியில் வேலை செய்வது வியப்பாகத் தோன்றினும், உண்மை அதுவே. அரளியைக் கண்டு அஞ்சுகிறவர்கள் தேரைப் பாலை அலட்சியம் செய்வதற்குக் காரணமில்லை.

விஷம் வாயின் உட்தோல் வழியாகவே விரைவில் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. விழுங்கினால்தான் ஆபத்து என்றில்லை. நாயின் நிறை, கவ்விய நேரம், தேரையின் பருமன் ஆகியவற்றைப் பொறுத்து விளைவு வேறுபடும். 25 கிலோ நிறையுள்ள ராஜபாளையத்து நாய் ஒரு மணி நேரம் எச்சில் ஒழுகவிட்டு எழுந்துவிடக்கூடும். அதே தேரையை 3 கிலோ நிறையுள்ள குட்டி ஒன்று கடித்து மென்றால் அதன் உயிருக்கே ஆபத்து நேரலாம். மூப்படைந்த நாய்க்கும், முன்னமே இருதயக் கோளாறுள்ள நாய்க்கும் அபாயம் அதிகம்.

குறிகள் தோன்றும் வரிசையைக் கவனிப்பது மிக முக்கியம். முதலில் எச்சில், பிறகு நுரை, தலையுதறல், வாயைப் பிறாண்டுதல், ஓங்கரித்தல், வாந்தி. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வழக்கமான இளஞ்சிவப்பாக இராமல், செங்கல்லைப்போலச் சிவந்திருக்கும். விஷம் மிகுதியாகச் சேர்ந்தால் நாய் தள்ளாடும், கால்கள் விறைக்கும், கண்மணி ஓரிடத்தில் நிலைகொள்ளாது அசையும், மூச்சு இறைக்கும், வலிப்புக் காணும். மார்பில் கைவைத்துப் பார்த்தால் துடிப்பு மிக விரைந்தோ, மிக மெதுவாகவோ, இடையிடையே தவறியோ இருக்கும். இவையனைத்தும் நிமிஷக் கணக்கில் தொடங்குகின்றன. மாலை ஆறு மணிக்குக் கஞ்சி குடித்து வாலாட்டிய நாய் ஏழு மணிக்கு நுரை தள்ளுவதே தேரை விஷத்தின் போக்கு.

வெறிநோய் அவ்வாறு வருவதில்லை. அது உள்ளே புகுந்து பல நாட்களோ வாரங்களோ மாதங்களோ சென்றபின், முதலில் நாயின் சுபாவத்தையே மாற்றும். பழகின நாய் ஒதுங்கும். ஒதுங்கின நாய் காரணமின்றி ஒட்டும். குரல் மாறி ஊளையிடும். கல்லையும் கட்டையையும் கடிக்கும். வீட்டைவிட்டு நெடுந்தூரம் அலையும். விழுங்க இயலாமல் எச்சில் வடியும். குறி தோன்றிய நாய் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும்.

இந்த வேறுபாடு ஏட்டில் தெளிவாயிருக்கிறதென்பதற்காக, இருட்டில் டார்ச் விளக்கொளியில் நின்றுகொண்டு யாரும் தம் யூகத்தை நம்பிவிடலாகாது. நாய் முதல் இரண்டு நாள் எங்கே இருந்தது, எப்படி நடந்துகொண்டது என்பது தெரியாதபோது, நுரையை மட்டும் கண்டு இன்ன நோய் என்று தீர்மானிக்கக் கால்நடை வைத்தியரும் துணியமாட்டார். ஊசி போடாத நாய், அயலூர் நாய், தெருநாய் ஆகியவற்றின் வாயில் நுரை கண்டால், காரணம் தேரையாகவே இருக்கக்கூடும் எனினும், வெறிநோய் என்று வைத்துக்கொண்டே எட்ட நிற்பது விவேகம். எட்ட நிற்றல் வேறு, அடித்துக் கொல்லுதல் வேறு. அதை ஓர் அறையிலோ பட்டியிலோ ஒதுக்கி அடைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கால்நடை மருந்தகத்துக்கும் பஞ்சாயத்துக்கும் தகவல் அனுப்புவதே முறை. தேரை விஷமாயின் பெரும்பாலும் விடியுமுன் ஒரு முடிவு தெரிந்துவிடும். வெறிநோயாயின் அடைபட்ட நாயால் ஒருவருக்கும் கெடுதியில்லை. அடித்து மண்டையை உடைத்துப் புதைத்துவிட்டாலோ, அது வெறிநாயா அன்றா என்பதை அறியும் வழியே போய்விடுகிறது. அதனிடம் கடிபட்டவர் இருந்தால் அவர் கதி என்னாகும்? 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும், நாய்கள் சம்பந்தமாக 2023-இல் வெளிவந்த மத்திய அரசு விதிகளும் கூட்டமாகக் கூடி அடித்துக் கொல்வதை அனுமதிக்கவில்லை என்பதையும் கிராம அதிகாரிகள் ஊராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

எச்சில் பட்டவர் எவராயினும், பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தென்னிந்தியாவில் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டபின், கடிபட்டவர்கள் ரயிலேறி மலைக்குச் சென்று சிகிச்சை பெற்ற காலம் உண்டு. வயிற்றைச் சுற்றிப் போடும் ஊசிக்கு அஞ்சி, மந்திரிப்பவரிடம் சென்றவர்களும் உண்டு. அந்த ஊசி இப்போது இல்லை. கையில் போடும் சில ஊசிகளோடு காரியம் முடிகிறது. அஞ்சுவதற்குக் காரணம் போனபின்னும் மந்திரிப்பவர் வீட்டு வாசலில் கூட்டம் குறையாதது வருந்தத்தக்கது.

மூன்றாவதொரு குழப்பத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பயிருக்குத் தெளித்த ஆர்கனோபாஸ்பேட் இனத்துப் பூச்சிமருந்து கலந்த தண்ணீரைக் குடித்தாலும் நாய் எச்சில் வடிக்கும், தள்ளாடும், வலிப்புறும். அதில் கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கும், கண்ணீர் வழியும், தன்னை அறியாமல் மலமும் மூத்திரமும் கழியும், தசைகள் துடிக்கும். அன்று தோட்டத்தில் மருந்து தெளித்ததுண்டா, என்ன மருந்து என்பதைச் சொந்தக்காரர் ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கூடுமானால் மருந்துப் புட்டியையே கொண்டுபோகலாம். சிலர் அதைச் சொல்லக் கூசுகிறார்கள். நாயின் உயிரைவிட அந்தக் கூச்சம் பெரிதன்று.

இனி, ஊசி போட்ட நாய், கண்ணெதிரே தேரையைக் கவ்வியது, அல்லது தேரை நசுங்கிக் கிடக்கிறது, குறிகள் தொடங்கிவிட்டன. அப்போது செய்ய வேண்டியது யாது?

தாமதியாமல் நாயைத் தண்ணீர்க் குழாயண்டை கொண்டுபோக வேண்டும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கடைவாயின் ஒரு புறத்தில் ரப்பர்க் குழாயை வைத்து, தண்ணீர் நாக்கின்மேல் ஓடி மறுபுறமாக வெளியே விழும்படி விட வேண்டும். தொண்டையை நோக்கி ஒருபோதும் விடலாகாது. அவ்வாறு விட்டால் விஷத்தைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்க வைத்ததாகும். சுவாசப்பைக்குள் தண்ணீர் புகுந்து அதுவே உயிரை மாய்க்கவும் கூடும். பம்ப்செட்டின் பெருந்தாரையில் நாயின் முகத்தைக் காட்டுவதும் தவறு. மெதுவான ஒழுக்கே போதும். குழாய் இல்லாத இடத்தில் ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றொருவர் செம்பில் மொண்டு மொண்டு பக்கவாட்டில் ஊற்றலாம்.

தண்ணீர் மட்டும் போதாது. தேரைப் பால் பசையானது. ஈரத் துணியை விரலில் சுற்றி, ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், மேலண்ணம் ஆகியவற்றை மெல்லத் துடைத்து, துணியை அலசி, மறுபடியும் துடைக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிஷம் வரை விடாது செய்தால், சேர்ந்த விஷத்தில் பெரும்பங்கு உள்ளே போகாமல் வெளியேறிவிடும். கண்ணிலும் பால் பட்டிருக்கலாமாதலால் கண்களையும் கழுவுவது நல்லது. கழுவுகிறவர் தம் கண்ணைத் தேய்க்காமல், வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும்.

நாய் வலிப்பில் இருக்கும்போதும் நினைவின்றிக் கிடக்கும்போதும் வாயில் தண்ணீர் விடவே கூடாது. கையையும் வாய்க்குள் கொண்டுபோகலாகாது. பழகின நாயாயினும் வலிப்பில் கடிப்பது அறியாமல் கடிக்கும். அப்போது அதை ஒருக்களித்துக் கிடத்தி, இருட்டான அமைதியான வண்டியில் வைத்து, நேராக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மூச்சிறைக்கும் நாயின் வாயைக் கயிற்றால் கட்டுவது அதன் கழுத்தை நெரிப்பதற்குச் சமானம்.

செய்யத் தகாதவை என்று ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினால் அது நீண்டுவிடும். ஊருக்கு ஊர் ஒரு கைமருந்து இருக்கிறது. புளிக்கரைசல், மோர், நல்லெண்ணெய், பச்சை முட்டை, வேப்பிலைச் சாறு என்று ஒவ்வொன்றும் ஒருவரால் கைகண்டது எனப்படுகிறது. உண்மை யாதெனில், பல நாய்கள் விஷம் சிறிதளவே சேர்ந்ததால் தாமாகவே பிழைத்துவிடுகின்றன. அவ்வேளையில் எது கொடுக்கப்பட்டதோ அது பெயரைத் தட்டிக்கொள்கிறது. விழுங்க இயலாத நாயின் தொண்டையில் எண்ணெயையோ மோரையோ ஊற்றினால் அது சுவாசப்பையில் இறங்கும். வாந்தியெடுக்கச் செய்வதற்காக உப்பைக் கரைத்து ஊற்றுவது எல்லாவற்றிலும் கொடிது. மிகுதியான உப்பே நாய்க்கு விஷம். தேரையை முழுதாக விழுங்கிவிட்டதென்று தெரிந்தால், அதை வெளியேற்றுவது வைத்தியர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

வாய் கழுவியபின் எச்சில் குறைந்து, நாய் தெளிவாக நடந்து, ஈறின் நிறம் திரும்பினால், இரவு முழுவதும் கட்டிவைத்துக் கவனித்தால் பெரும்பாலும் போதும். எச்சில் நிற்காமலிருந்தாலும், தள்ளாட்டமோ நடுக்கமோ தொடங்கினாலும், துடிப்பு ஒழுங்கு தவறினாலும், அது குட்டியாயிருந்தாலும், வைத்தியரிடம் போகத் தாமதிக்கலாகாது. கழுவாமல் ஓடுவதும் தவறு. ஐந்து மைல் தூரம் வண்டியில் போகும் நேரமெல்லாம் விஷம் வாயிலிருந்து ஊறிக்கொண்டேயிருக்கும்.

அங்கே நடைபெறும் சிகிச்சையைப் பற்றிச் சிறிது அறிந்திருந்தால் வீண் மனஸ்தாபம் குறையும். பாம்புக்கடிக்கு இருப்பதுபோலத் தேரை விஷத்துக்கென்றே செய்த மாற்றூசி கிராம மருந்தகங்களில் இல்லை. டிஜாக்ஸின் என்னும் இருதய மருந்து மிதமிஞ்சியவர்களுக்காக அயல்நாடுகளில் செய்யப்படும் எதிர்ப்பொருள் ஒன்று இவ்விஷத்தையும் முறிக்கும். ஆனால் அதன் விலை நாய்க்குச் செலவிடத் தக்க அளவில் இல்லை. ஆகவே வைத்தியர் குறிகளை ஒவ்வொன்றாக அடக்கி, உடல் தானே விஷத்தைக் கழிக்கும்வரை உயிரைத் தாங்கி நிறுத்துகிறார். வலிப்புக்கு டயஸிபாம், இருதயம் அளவுமீறி விரைந்தால் புரோப்ரனலால் போன்ற மருந்து, நாளம் வழியாகத் திரவம், உடல் கொதித்தால் குளிர்வித்தல், தேரையை விழுங்கியிருந்தால் மருந்துக்கென்று பக்குவப்படுத்திய கரித்தூள். இருதயத் துடிப்பை வரைந்து காட்டும் இ.சி.ஜி. கருவியுள்ள இடமாயின் மிக நல்லது.

எச்சிலை நிறுத்த உடனே ஊசி போடவில்லையே என்று சொந்தக்காரர்கள் கோபிப்பதுண்டு. எச்சிலை வற்றச் செய்யும் அட்ரோபின், இருதயத்தை விரைந்து துடிக்கவும் செய்யும். துடிப்பு மிக மெதுவாயிருந்தால் அதுவே மருந்து. முன்னமே விரைந்து துடிப்பதாயின் அதுவே கேடு. அன்றியும் ஒழுகும் எச்சில் விஷத்தை வெளியே கொண்டுபோகிறது. பூச்சிமருந்து விஷத்திலோ அட்ரோபின் உயிர்காப்பது. இந்த ஒரு மருந்தைக் கொண்டே, நடந்தது இன்னதென்று வைத்தியருக்கு உண்மையைச் சொல்வதன் அருமை விளங்கும். உரிய காலத்தில் சிகிச்சை பெற்ற நாய்களில் பெரும்பாலானவை ஓரிரு நாட்களில் பழையபடி ஆகிவிடுகின்றன.

இவ்வளவு தொல்லை தரும் தேரையைத் தோட்டத்திலிருந்தே ஒழித்துவிட்டாலென்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாயை இழந்தவர் அவ்வாறு கேட்பது இயல்பே. ஆனால் தேரை இரவெல்லாம் எறும்பும் கறையானும் வண்டும் புழுவும் தின்று திரிவது, கூலி கேட்பதில்லை. அது நன்மை செய்யும் பூச்சியையும் சேர்த்தே தின்னும் என்பது மெய்யாயினும், இந்நாட்டு வயல்களில் வெகுகாலமாக இருந்துவரும் அப்பிராணியை அதன் பகைவர்களும் இரையும் ஓர் அளவில் நிறுத்திவைத்திருக்கின்றன. தேரையைக் கொண்டுவருவதிலும் ஒழிப்பதிலும் அவசரப்பட்டவர்கள் அடைந்த பலனுக்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரும்பு விவசாயிகளே சாட்சி.

அங்கே கரும்பின் வேரைத் தின்று பயிரைச் சாய்க்கும் வண்டுப்புழுவை அடக்குவதற்காக, அமெரிக்கக் கண்டத்துப் பெருந்தேரையை 1935-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவிலிருந்து கொண்டுவந்தார்கள். முதலில் வந்தவை நூற்றுக்குச் சற்று மேற்பட்டவையே. அவற்றைப் பெருக்கிக் கரும்புத் தோட்டங்களில் விட்டார்கள். வண்டு மேலே பறந்து இலையில் மேய்ந்தது. புழு மண்ணுக்குள் இருந்தது. தேரையோ தரையில் இருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை. தேரை மட்டும் பெருகிப் பரவி, 2009-ஆம் ஆண்டளவில் அக்கண்டத்தின் மேற்கு மாகாணத்து எல்லையையும் எட்டிவிட்டது. தேரையையே அறியாத அந்நாட்டு ஊனுண்ணிகள் அதைத் தின்று கூட்டங்கூட்டமாக மடிந்தன. வீட்டு நாய்களும் தப்பவில்லை. நாய்களுக்கான சிகிச்சை முறையில் பெரும்பகுதி, அங்கும் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்திலும் அப்பெருந்தேரையால் நேர்ந்த விபத்துக்களைக் கொண்டு வைத்தியர்கள் கண்டறிந்ததே. இந்நாட்டுத் தேரை அதைவிடச் சிறிய வேறோர் இனம். ஆகையால் அங்கே கேட்கும் அளவுக்குச் சாவுகள் இங்கே கேட்பதில்லை. விஷத்தின் தன்மையும் கழுவும் முறையும் ஒன்றே. இந்தச் சிறிய இனமும் புறநாடு சென்றால் சும்மா இருப்பதில்லை. மடகாஸ்கர்த் தீவின் கீழ்க்கரைத் துறைமுகத்தருகே 2014-இல் இது காணப்பட்டு, இப்போது அங்குள்ளோருக்குப் பெருங்கவலையாகியிருக்கிறது.

ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது நாயையே. மழை பெய்த மாலைகளில் விளக்கேற்றும் நேரத்திலிருந்து நாயைக் கட்டிவைப்பது, அல்லது வேலியுள்ள மேட்டுத் தளத்தில் விடுவது எளிய உபாயம். காட்டுப்பன்றிக் காவலுக்காக அவிழ்த்தே விட வேண்டிய தோட்டங்களில், அறை வாசல் விளக்கைத் தேவையில்லாதபோது அணைத்துவிட்டால் ஈசல் கூடாது. ஈசல் கூடாவிட்டால் தேரையும் கூடாது. சோற்றுத் தட்டை இரவில் வெளியே விடலாகாது. அதில் மொய்க்கும் எறும்புக்குத் தேரை வரும். தண்ணீர்ச் சட்டியில் தேரை இறங்கி உட்காருவதுண்டாதலால், காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். ஒருமுறை பட்ட நாய் மறுமுறை தேரையைத் தொடாது என்று சொல்வதை நம்புவதற்கில்லை. சில நாய்கள் அறிந்துகொள்கின்றன. சில, வருஷந்தோறும் கவ்வுகின்றன. கோம்பை, சிப்பிப்பாறை போன்ற வேட்டைச் சுறுசுறுப்புள்ள இனங்களின் குட்டிகளை முதல் மழைக்காலம் முழுவதும் கண்காணிப்பது தகும்.

தடுப்பூசியைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் வெறிநோய் ஊசியும், பின்னர் வைத்தியர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், அதன்பின் வருஷந்தோறும் ஓர் ஊசியும் போட்டுவர வேண்டும். செப்டம்பர் 28-ஆம் தேதி உலக வெறிநோய் தினமாக அனுசரிக்கப்படுகிறது. அதையொட்டிப் பல ஊர்களில் அரசாங்கக் கால்நடை மருந்தகங்கள் இலவசமாக ஊசி போடும் முகாம்களை நடத்துகின்றன. பருவமழை இறங்கித் தேரைகள் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே அந்நாள் வருகிறது. முகாம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் முந்தின வாரமே தண்டோரா மூலமோ கோயில் ஒலிபெருக்கி மூலமோ கிராம அதிகாரிகள் அறிவித்துவிட்டால், அறுவடைக்கு ஆள் தேடுவது போல அன்று நாயைத் தேடி அலைய வேண்டியிராது. ஊசி போட்ட தேதி எழுதிய சீட்டைப் பெட்டியில் பூட்டாமல், பம்ப்செட் அறைச் சுவரில், ரப்பர்க் குழாய் மாட்டியிருக்கும் ஆணிக்கருகிலேயே ஓர் உறையிலிட்டு மாட்டிவைக்கலாம். இரவில் நாய் நுரை தள்ளிக்கொண்டு வரும்போது காவற்காரன் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியை. அடுத்துக் கையிலெடுக்க வேண்டியது அந்தக் குழாயை.